சண்டை அண்ணனுக்கு மறந்துபோச்சு, அப்பாவுக்கு மறக்கல: ஞாபகம் போன பிள்ளைகிட்ட பாட்டு வழியா போறது பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

முதல்ல எங்க வீட்டுக் கதைய சுருக்கமா சொல்லிடறேன், இல்லன்னா கீழ சொல்றது பாதி புரியாது. எங்க அண்ணன் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழான்னு ஆர்க்கெஸ்ட்ராவுல பேட் (குச்சியால தட்டற எலக்ட்ரானிக் டிரம்) வாசிச்சிட்டிருந்தவன். இன்ஜினியரிங்ல பதினோரு அரியர். 2011ல ஒரு ராத்திரி அப்பா அந்த பேடத் தூக்கி முத்தத்துல போட்டு உடைச்சாரு, அண்ணன் அன்னிக்கே கோயம்புத்தூர் பஸ் ஏறிட்டான். அதுக்கப்புறம் எட்டு வருஷம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. 2019ல பைக் ஆக்சிடென்ட். ஹெல்மெட் இருந்துச்சு, டேங்க் மேல. கண்ணு முழிச்சு ஓரளவு பேச ஆரம்பிச்சப்ப அவனுக்கு 2010 வாக்குல வரைக்கும்தான் தெளிவா இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, புதுசா நடக்கறதும் அரைமணி நேரத்துக்கு மேல நிக்கல. அப்பாவப் பாத்து அவன் கேட்ட முதல் கேள்வி, "என்னப்பா இப்படி நரைச்சுப்போச்சு? என் பேட் எங்க?"

அதுலேர்ந்து தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நெறைய பேர் போன் பண்ணி ஒரே மாதிரி கேள்விகளக் கேக்கறாங்க. நான் டாக்டர் இல்ல, தங்கச்சி. படிச்சதும் பட்டதும் சேத்து எழுதறேன்.

எல்லாமே மறந்துபோனவனுக்குப் பாட்டு மட்டும் எப்படிங்க ஞாபகம் இருக்கும்?

ஞாபகம்ங்கிறது ஒரே பொட்டி இல்ல, அதான் விஷயம். நேத்து என்ன சாப்பிட்டோம், யார் வந்தாங்கன்ற மாதிரி நடந்த சம்பவங்களப் பதிஞ்சு வைக்கறதுக்கு மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி வேணும். சைக்கிள் ஓட்டறது, தாளம் போடறது, பாட்டோட அடுத்த வரி தானா வாய்ல வர்றது, இதெல்லாம் வேற வழில பதியுது.

இது தெரிய வந்ததே ஒரு மனுஷனாலதான். அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு வலிப்பு நிக்கணும்னு 1953ல ஆபரேஷன் பண்ணி அந்த ஹிப்போகேம்பஸ் பகுதிய ரெண்டு பக்கமும் எடுத்துட்டாங்க. வலிப்பு கொறைஞ்சுது, ஆனா புதுசா எதுவும் மனசுல நிக்கல, 2008ல சாகற வரைக்கும் அப்படித்தான். பிரெண்டா மில்னர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் அவரக் கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஒரு நட்சத்திரம் வரைய வச்சாங்க, கண்ணாடில கை தலைகீழா போகும்ல, நமக்கே கஷ்டம். மூணு நாள்ல அவர் நல்லா வரையறாரு, ஆனா ஒவ்வொரு நாளும் "இத நான் இதுக்கு முன்னாடி பண்ணினதே இல்லையே"ன்ற நெனப்புதான். கைக்குத் தெரியுது, ஆளுக்குத் தெரியல.

பாட்டுக்கே வருவோம்னா இங்கிலாந்துல கிளைவ் வேரிங். கோரஸ் நடத்தறவரு, பெரிய மியூசிக் படிப்பாளி, 1985ல வைரஸ் காய்ச்சல் மூளைக்கு ஏறி ஞாபகம் அரை நிமிஷத்துக்கு மேல நிக்காமப் போச்சு. அப்பதான் முழிச்சேன், இப்பதான் முழிச்சேன்னு டைரி முழுக்க எழுதி எழுதி அடிச்சிருப்பாரு. அந்த ஆளு பியானோ முன்னாடி உக்காந்தா ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் வாசிப்பாரு. சம்சாரம் ரூம விட்டு ரெண்டு நிமிஷம் வெளிய போயிட்டு வந்தாக்கூட பல வருஷம் கழிச்சுப் பாக்கற மாதிரி கட்டிப்புடிப்பாரு. ரெண்டும் அவருக்குப் போகல, பாட்டும் அவங்களும்.

வீட்ட விட்டுப் போன பையன், ஞாபகம் போயி, பாட்டால திரும்பப் பேசினதுக்கு உண்மையான கேஸ் இருக்கா, இல்ல சினிமாவா?

சினிமாவும் இருக்கு, 2011ல அமெரிக்காவுல வந்துச்சு, ஆனா அதுக்குப் பின்னாடி உண்மையான கேஸ் இருக்கு, எனக்கு அதான் புடிக்கும். ஆலிவர் சாக்ஸ்னு நியூயார்க் நரம்பியல் டாக்டர் எழுதினது. பையன் பேரு கிரெக்னு மாத்திச் சொல்றாரு. நியூயார்க் குவீன்ஸ்ல வசதியான குடும்பம், பாட்டு எழுதற பையன், அறுபதுகள்ல ஹிப்பி கூட்டம், போதை மருந்து, ராக் மியூசிக், வீட்ல தகராறு, படிப்ப விட்டுட்டான். அப்புறம் ஹரே கிருஷ்ணா இயக்கத்துல போய்ச் சேந்து நியூ ஆர்லியன்ஸ் கோயிலுக்குப் போயிட்டான், வீட்டோட தொடர்பே விட்டுப்போச்சு. அங்க அவனுக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சிருக்கு. கூட இருந்தவங்க அத ஞான ஒளி உள்ள ஏறுதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. அவனும் அமைதியாயிட்டான், எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம், ஏதோ மகான் மாதிரி.

பெத்தவங்க கடைசில 1975ல போய்ப் பாத்தா புள்ள குண்டாயி, முடியெல்லாம் போயி, முழுக் குருடா உக்காந்திருக்கான், முகத்துல அதே சிரிப்பு. ஸ்கேன்ல பாத்தா மூளை நடுவுல பெரிய கட்டி. புற்றுநோய்கூட இல்ல, சாதாரணக் கட்டி, முன்னாடியே பாத்திருந்தா எடுத்திருக்கலாம். எடுத்தாங்க, ஆனா அதுக்குள்ள கண்ணு, ஞாபகம், மூளையோட முன்பகுதி எல்லாம் அழுத்தம் தாங்காமக் கெட்டுப்போச்சு. அறுபதுகள் நல்லா ஞாபகம் இருக்கு, 1970க்கு அப்புறம் வெறுமை. 1977ல சாக்ஸ் அவனப் பாக்கறப்ப அவனுக்கு இன்னும் அறுபதுகள்தான் நடந்திட்டிருக்கு.

வார்டுல சும்மா விட்டா பொம்மை மாதிரி உக்காந்திருப்பான். அவனோட காலத்துப் பாட்டப் போட்டா கூடப் பாடுவான், ஜோக் அடிப்பான், ஆளே வேற. அந்த நேரத்துல அவன்கிட்ட போய்ச் சேர முடிஞ்சுது.

இதுல எனக்கு ராத்திரி தூக்கம் வராமப் பண்ணினது கட்டி இல்ல. பேச்சுவார்த்தை இருந்திருந்தா அந்தக் கண்ணு மங்கறத அம்மா போன்லயே கண்டுபுடிச்சிருப்பாங்கன்றதுதான். நம்ம ஊர்லயும் ஒருத்தன் திடீர்னு ஆள் மாறிட்டான், பேச்சு கொறைஞ்சிடுச்சு, தடுக்கித் தடுக்கி நடக்கறான்னா உடனே செய்வினை, காத்துக் கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறோம். கயிறு கட்டணும்னா கட்டிக்குங்க, அதே கையோட ஒரு ஸ்கேனும் எடுத்துடுங்க.

என்ன பாட்டு போடணும்? சாமி பாட்டு நல்லதுன்னு சொல்றாங்களே?

சாமி பாட்டு அவனுக்குப் புடிச்சதா இருந்தா நல்லது, நமக்குப் புடிச்சதா இருந்தா நமக்கு நல்லது. தூங்க வைக்கற ராகம், பிபி கொறைக்கற ராகம்னு பார்வர்டு வர்றத நம்பி நாங்க ஒரு மாசம் வீணை ஓட்டினோம், அண்ணன் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டான்.

பொதுவா மனுஷனுக்குப் பத்து வயசுலேர்ந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள கேட்டதுதான் கெட்டியா ஒட்டிக்கும். அதனால கணக்கு சிம்பிள், பையன் பொறந்த வருஷத்தோட பத்தக் கூட்டுங்க, அங்கேர்ந்து ஆரம்பிங்க. எங்க அண்ணன் 1988, அதனால 1998லேர்ந்து. ஆனா அந்த வருஷத்து ஹிட்டு எல்லாத்தையும் கொட்டினா போதாது, அவன் எத எங்க கேட்டான்னு தோண்டணும். பரண் மேல அவனோட எம்பி3 சிடி கவர் ஒண்ணு கெடைச்சுது, நூத்தம்பது பாட்டு ஒரே சிடில வருமே அந்த வகை, மேல மார்க்கர்ல "டூர் பஸ் – ஒன்லி குத்து"ன்னு அவன் கையெழுத்து. அது ஒரு பொக்கிஷம். ஆர்க்கெஸ்ட்ரா கீபோர்டு அண்ணங்கிட்ட கேட்டு மேடை வரிசையும் வாங்கினோம். சன் மியூசிக் 2004ல வந்தப்ப ஸ்கூல் விட்டு வந்து டிவி முன்னாடி எதெதுக்கு ஆடினான்னு எனக்கே ஞாபகம் இருந்துச்சு.

தலைல அடிபட்ட ஆளுங்களுக்கு அந்தந்த வருஷத்து நம்பர் ஒன் பாட்டுகளப் போட்டு என்ன ஞாபகம் வருதுன்னு பாத்து ஏமி பெயர்டு, செவரின் சாம்சன்னு ரெண்டு பேர் 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அஞ்சே அஞ்சு பேர் வச்சுப் பண்ணினது, ரொம்பச் சின்னது, ஆனா வாயால கேள்வி கேட்டு வராத சொந்த ஞாபகம் சிலருக்குப் பாட்டுல வந்திருக்கு. எங்களுக்கும் அதேதான். "காலேஜ் ஞாபகம் இருக்காடா"ன்னா முழிப்பான். சிடில ஏழாவது பாட்டு ஓடினா "இதுக்குத்தான் மன்னார்குடில கரென்ட் போச்சு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல வாசிச்சேன்"ன்னு அவனே ஆரம்பிப்பான்.

அப்பாவுக்கு அந்தப் பாட்டெல்லாம் கேட்டாலே ஆகாதே, அவர் என்ன பண்றது?

அவர்தான் மாறணும், வேற வழி இல்ல, புள்ளையால மாற முடியாது. கேக்கக் கொடுமையா இருக்கும்.

எங்க அப்பா போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, டி.எம்.எஸ். காலத்தோட காத மூடிக்கிட்டவரு. ஆரம்பத்துல பாட்ட என்னைப் போடச் சொல்லிட்டுத் திண்ணைல போய் உக்காந்துப்பாரு. வேல நடக்கல. அண்ணனுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான் ஸ்பீக்கர் இருந்தாலும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு. ஒரு நாள் மத்தியானம் பாக்கறேன், மனுஷன் அடுப்படி ஸ்டூல்ல உக்காந்து காதுல என் இயர்போன மாட்டிக்கிட்டு, மணியார்டர் பாரத்துப் பின்பக்கம் ஒரு கானா பாட்டோட வரிய எழுதிட்டிருக்காரு, பாதி வார்த்தைக்கு மேல கேள்விக்குறி. "இது என்னம்மா வார்த்தை, தமிழா"ன்றாரு. அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் பக்கத்துல உக்காந்து போஸ்ட்மாஸ்டர் குரல்ல அதப் படிச்சாரு, பாடலைங்க, படிச்சாரு. அண்ணன் அவரையே பாத்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சான். "அப்பா, அங்க தாளத்துல ஒரு மாத்திரை விட்டு எடுக்கணும்"னு டீ டம்ளரக் கவுத்து வச்சு விரலால தட்டிக் காட்டினான். அப்பா தப்பாவே எடுத்தாரு. திரும்பத் தட்டினான். முக்கால் மணி நேரம் ஓடிச்சு, 2011க்கு முன்னாடிகூட ரெண்டு பேரும் அவ்ளோ நேரம் பேசி நான் பாத்ததில்ல.

அதனால தப்பா பாடுங்க, பரவால்ல. சொல்லிக்குடுக்கற எடத்துல புள்ள இருந்தா அவன் நோயாளி மாதிரி இருக்கறதில்ல.

அவனுக்குச் சண்டையே ஞாபகம் இல்ல. நாங்க சொல்லணுமா? மன்னிப்பு கேக்கணுமா?

இதுதான் எல்லாரும் போன்ல கடைசியா, குரலத் தாழ்த்திக் கேக்கற கேள்வி.

எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். பேட் எங்கன்னு தெனமும் கேப்பான், அப்பா "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்டா"ம்பாரு. ரெண்டு மாசம் அந்தப் பொய்ய சுமந்தாரு. ஒரு நாள் தாங்காம உண்மையச் சொல்லிட்டாரு, நான்தான் உடைச்சேன், நீ வீட்ட விட்டுப் போயிட்ட, எட்டு வருஷம் உன்னோட பேசலன்னு. அண்ணன் முகம் அப்படியே செத்துப்போச்சு, அப்புறம் "விடுப்பா"ன்னான். அப்பா அழுதாரு, அவருக்கு பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. அரைமணி நேரம் கழிச்சு அண்ணன் கேக்கறான், "என் பேட் எங்கப்பா?"

அப்பா மறுநாளும் சொன்னாரு. அந்த வாரத்துல நாலு தடவ சொன்னாரு. நாலு தடவயும் அவன் முகம் அதே மாதிரி செத்துச்சு, ஏன்னா அவனுக்கு ஒவ்வொரு தடவயும் அது புதுச் செய்தி. நாலாவது தடவ நான்தான் அப்பாவக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போயி சண்ட போட்டேன், உங்க மனசு லேசாகறதுக்கு அவன ஏன்ப்பா தெனமும் அடிக்கறீங்கன்னு. அப்பா பதில் சொல்லல. அடுத்த மாசம் பென்ஷன் வந்ததும் தஞ்சாவூர் போயி செகண்ட் ஹேண்ட்ல ஒரு பேட் வாங்கிட்டு வந்து கட்டிலுக்கு எதிர்ல ஸ்டாண்ட் போட்டு வச்சாரு. கேள்வி நின்னுபோச்சு. கேக்கறதுக்கு முன்னாடியே கண்ணுல படுதுல்ல.

அதனால என் அபிப்பிராயம், மன்னிப்ப ஒரு தடவ கேளுங்க, அவன் தெளிவா இருக்கற நேரமாப் பாத்து. அதுக்கு மேல கேக்கணும்னு தோணினா என்னை மாதிரி யார்கிட்டயாவது கேட்டுக்குங்க. ஆனா அவனாக் கேட்டா பொய் சொல்லாதீங்க, ஏன்னா சில சமயம் துண்டு துண்டா ஞாபகம் வரும், அப்ப நீங்க சொன்ன பொய் அவனுக்கு இன்னொரு குழப்பம். அவன் நடக்காத ஒண்ண நடந்ததா சொன்னாலும் வாதாடாதீங்க, மூளை ஓட்டைய அடைக்க தானாக் கதை பின்னும், அவன் வேணும்னு புளுகல.

நேத்து கட்டிப்புடிச்சுப் பாடினான், இன்னிக்கு அதெல்லாம் தெரியலன்றான். அப்ப என்னதான் பிரயோஜனம்?

சம்பவம் போயிடும், அதோட ருசி நிக்கும். 1911லயே ஜெனீவாவுல கிளப்பரேடுன்னு ஒரு டாக்டர் கைக்குள்ள குண்டூசிய மறைச்சு வச்சு ஞாபகம் போன ஒரு அம்மாகிட்ட கைகுலுக்கினாரு, குத்திடுச்சு. அடுத்த தடவ அந்தம்மாவுக்கு அவர் குத்தினது ஞாபகம் இல்ல, ஆனா கை குடுக்க மாட்டேன்னுட்டாங்க. இப்ப அந்த மாதிரி பண்ணினா கேஸ் போடுவோம். 2010ல அயோவா பல்கலைக்கழகத்துல இத நாகரிகமாப் பண்ணிப் பாத்தாங்க, ஞாபகம் போனவங்களுக்கு சோக வீடியோ, சந்தோஷ வீடியோ காட்டினா கொஞ்ச நேரத்துல என்ன பாத்தோம்னு மறந்துடறாங்க, ஆனா அந்த சோகமும் சந்தோஷமும் அதுக்கப்புறமும் நிக்குது.

கிரெக்க 1991ல சாக்ஸ் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு, அவனுக்கு உசுரான பேண்டோட கச்சேரிக்கே கூட்டிட்டுப் போனாரு. பழைய பாட்டுக்கெல்லாம் கூடப் பாடினான். பின்னாடி வந்த புதுப் பாட்டுகளக் கேட்டு இது என்னமோ எதிர்காலத்து மியூசிக் மாதிரி இருக்குன்னான், அவனுக்கு அது எதிர்காலம்தானே. மறுநாள் காலைல கச்சேரிக்குப் போனதே தெரியல. ஆனா பிற்பாடு அந்தக் கச்சேரி டேப்பப் போட்டப்ப, அந்தப் புதுப் பாட்டுல சிலது அவனுக்குப் பழகினதாத் தெரிஞ்சுது, கூடவே பாடினான். ஆக எங்கயோ ஏறியிருக்கு.

பாட்டு கேட்டா ஞாபகம் முழுசாத் திரும்புமா?

இல்ல. யாராவது திரும்பும்னு சொல்லிப் பணம் கேட்டா எழுந்து வந்துடுங்க. பின்லாந்துல 2008ல பக்கவாதம் வந்தவங்கள ரெண்டு மாசம் தெனம் ஒரு மணி நேரம் புடிச்ச பாட்டு கேக்க வச்சதுல வார்த்தை ஞாபகமும் கவனமும் மத்தவங்களவிட நல்லா தேறிச்சு, அது நெஜம். ஆனா அது பக்கவாதம் வந்த புதுசுல. கெட்டுப்போன ஹிப்போகேம்பஸ பாட்டு ஒட்ட வைக்காது.

பாட்டு வழியா புதுசா ஏதாவது கத்துக்குடுக்கலாமா?

கொஞ்சம் முடியும். எங்க போன் நம்பரையும் தெருப் பேரையும் அவனுக்குப் புடிச்ச மெட்டுல போட்டுக் குடுத்தேன், ரெண்டு மூணு மாசத்துல ஏறிடுச்சு. ஆனா அது பாட்டாதான் ஏறும். "நம்ம வீடு எங்கடா"ன்னு கேட்டா தெரியாது, முதல் வரிய எடுத்துக் குடுத்தா நம்பர் வரைக்கும் கடகடன்னு வந்துடும். கிரெக்கும் தேதியப் பாட்டா சொல்லுவான், ஆனா அந்தத் தேதின்னா என்னன்னு அவனுக்கு விளங்காதுன்னு சாக்ஸ் எழுதியிருக்காரு.

எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

ஐசியூல இருக்கறப்பவும், அதுக்கப்புறம் கத்தி உதறிக்கிட்டு இருக்கற நாள்கள்லயும் டாக்டரக் கேக்காம போடாதீங்க, அப்ப அமைதிதான் மருந்து. வலிப்பு இருந்தா கட்டாயம் கேட்டுக்குங்க, ரொம்ப அபூர்வமா பாட்டே வலிப்பத் தூண்டறதும் உண்டு. சத்தம் கொறைவா, ஒரு பாட்டு முடிஞ்சு இடைவெளி விட்டு அடுத்தது. டிவியும் ஓடி ஸ்பீக்கரும் ஓடக் கூடாது. முகம் சுளிச்சா நிறுத்துங்க. ஒரு பாட்டுக்கு அண்ணன் காரணமே சொல்லாம அழுதான், எந்தப் பொண்ணோ யாரோ, அத லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டோம்.

எங்க காட்டறது?

நரம்பியல் டாக்டரோட நிறுத்தாம ரீஹேப்னு (அடிபட்டதுக்கு அப்புறம் அன்றாட வேலைகளத் திரும்பப் பழக்கற சிகிச்சை) கேளுங்க. வேலூர் சி.எம்.சி.க்கு பாகாயத்துல தனி மறுவாழ்வு மையம் இருக்கு, விபத்துல தானே நடக்க முடியாமப் போன டாக்டர் மேரி வர்கீஸ் 1966ல ஆரம்பிச்சது. பெங்களூர் நிம்ஹான்ஸ்லயும் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு இருக்கு.

அப்பாவுக்கு வயசாகுது. அவர் இல்லாமப் போனா புள்ளைக்குத் தெரியுமா?

கிரெக்கோட அப்பா செத்தப்ப சொன்னாங்க, உடைஞ்சுபோனான், அப்புறம் மறந்துட்டான். ஆனா அதுக்கப்புறம் ராத்திரில எழுந்து ரூமுக்குள்ள எதையோ தேடி நடப்பானாம். என்னடான்னா, ஏதோ தொலைஞ்சுபோச்சு, தேடறேன்னு சொல்லுவான், என்னன்னு சொல்லத் தெரியாது.

எங்க அப்பாவுக்கு எழுபத்தொண்ணு. போன மாசம் நானே கேட்டு அவர் பாடறத போன்ல ரெகார்டு பண்ணி வச்சேன், அந்த கானா உள்பட பதினாலு பாட்டு. அவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த அன்னிக்கு அண்ணனுக்கு அந்த கானாவப் போட்டுக் காட்டினேன். ரெண்டு வரி கேட்டுட்டு, "அப்பாதானே? பாரேன், ரெண்டாவது வரில டெம்போ ஏறுது, அப்பாவுக்கு என்னிக்குமே இங்க நிக்காது"ன்னு சொல்லிட்டு பேட் பக்கம் திரும்பிக் குச்சிய எடுத்தான். நான் டீ போட உள்ள போனப்பறம்தான் உறைச்சுது. அப்பா அந்தப் பாட்டப் பாட ஆரம்பிச்சதே ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம்தான்.